வண்டல் கடலுக்கு ஒரு ரெகுலேட்டர்

காளையார்கோவில் வழியாகக் கிழக்கே போகும் சாலை தொண்டியில் பாக் விரிகுடாவைத் தொடுகிறது. அங்கே கடல் ஆழமில்லை. பெரும்பாலும் 13 மீட்டருக்குள்தான். ஆனால் கலங்கலும் வண்டலும் அதிகம். அங்கே மூழ்க எந்த ரெகுலேட்டரை வாங்குவது என்பதே கேள்வி. ஸ்கூபா ரெகுலேட்டரின் முதல் நிலை சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தைச் சுற்றுநீரைவிட ஏறத்தாழ 10 பார் அதிகம் என்ற அளவுக்கு இறக்கும். வாயிலுள்ள இரண்டாம் நிலை, இழுத்தால் மட்டும் திறக்கும். 1943-இல் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவியில் என்னைக் கவர்வது இந்தக் கஞ்சத்தனமே. விலை கூடியது ஆழத்திலும் இலகுவாக மூச்சுத் தருமே என்பார்கள். 40 மீட்டரில் அது பெரிய விஷயம். 10 மீட்டரில் அவ்வளவாகத் தெரியாது. சாதாரண பிஸ்டன் வகையில் கடல்நீர் ஸ்பிரிங் அறைக்குள்ளேயே புகும், வண்டலும் கூடவே. ஆகவே காசை, உள்ளே நீர் புகாமல் அடைத்த டயாஃப்ரம் வகைக்குச் செலவிடலாம்.

பாகங்கள் அதிகம், சர்வீஸ் செலவு கூடுமே? கூடும்தான். அதனால்தான் உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்கிற பிராண்டை எடுக்கச் சொல்கிறேன். ஒழுங்காக வேலை செய்வதை எதற்குப் பிரிப்பது என்ற கேள்விக்கு, உப்புப் படிகமும் தேய்ந்த ரப்பர் வளையமும் வெளியே தெரியாது என்பதே பதில். தயாரிப்பாளர் சொன்ன கெடுவில், ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ, பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஒவ்வொரு முறை மூழ்கிய பிறகும் நல்ல தண்ணீரில் அலசுவது தனி. அதற்குமுன் முதல் நிலையின் தூசி மூடியைப் போட்டுவிட வேண்டும்.