படப்புத்தகமும் பசைப்புட்டியும்

கோடை விடுமுறை விட்டால் போதும், படப்புத்தகத்தோடு ஒரு கைவேலையும் சேர்ந்து வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிளை நூலகத்தின் கோடை முகாமானாலும் சரி, தன்னார்வலர்கள் நடத்தும் கதை நேரமானாலும் சரி, மழலையர் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் விடுமுறை வேலையானாலும் சரி, சூத்திரம் ஒன்றுதான். முதலில் கதை. கதை முடிந்ததும் கத்தரி, பசை, வண்ணத்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவோடு ஒரு விளையாட்டு. யானைக் கதைக்குக் காகிதத் தட்டில் யானை முகம். மீன் கதைக்கு மினுக்குத்தூள் பூசிய மீன்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். நகரத்து வீட்டு மேசையை மனதில் வைத்து உருவான இந்தப் பழக்கத்தைப் பிச்சாவரத்தில் கொண்டுபோய் வைத்தால் அதன் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். ஒரு பக்கம் வெள்ளாறு, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சுற்றிலும் கிள்ளை, முடசல் ஓடை, எம்.ஜி.ஆர். திட்டு என்று மீனவர் ஊர்களும் இருளர் குடியிருப்புகளும். கைவேலையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஊர்கள் இவை. இங்கே எது குறைவு என்பதைக் கவனித்தால், இந்தப் பழக்கம் எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

முன்பே இருந்த வழி

கதையையும் கையையும் சேர்ப்பது நேற்று முளைத்த யோசனை கிடையாது. குஜராத்தின் கிஜுபாய் பதேகா 1930களில் எழுதிய 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியர், பாடப்புத்தகத்தை ஓரம்கட்டிவிட்டுக் கதையாலும் விளையாட்டாலுமே வகுப்பை நடத்துகிறார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அறிவியல் சொன்ன அரவிந்த் குப்தாவின் நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா பதிப்பகம், பொம்மை வடிவமைப்பாளர் சுதர்சன் கன்னாவோடு சேர்ந்து பொம்மைச் செய்முறைகளையும் கதைகளையும் ஒரே நூலாகக் கொண்டுவந்தது. 1996இல் தொடங்கிய துளிகா, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படப்புத்தகம் வெளியிடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகச் சிறு கதைப் புத்தகங்களோடு 'வாசிப்பு இயக்கம்' வந்தது. சேர்க்கலாமா கூடாதா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் கோளாறு.

நிறைகள்

படப்புத்தகத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பேச்சால் வருவது. 1988இல் அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட்டின் குழு, ஒரு பகுதிப் பெற்றோருக்கு மட்டும் வாசிக்கும் முறையைப் பழக்கியது. 'ஆமாம், இல்லை' என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பது, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசிக்கக் கேட்ட குழந்தைகளின் பேச்சைத் தாண்டிவிட்டது. நம் வீடுகளில் கதை நேரத்தில் பிள்ளை குறுக்கே பேசினால், "சும்மா இரு, கதையக் கேளு" என்றுதான் சொல்வோம். கையில் ஒரு வேலை இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. அசோக் ராஜகோபாலனின் 'கஜபதி குலபதி'யில் சளி பிடித்துத் தும்மும் யானையைக் களிமண்ணில் பிடித்துக்கொண்டே, "பாட்டி, யானைக்கு யாரு கஷாயம் வச்சுக் குடுப்பா?" என்று பிள்ளை கேட்கும். பாட்டியும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு இது வாசல் திறந்துவிடுகிறது என்பது இரண்டாவது நிறை. புத்தகத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் தாத்தாவுக்கு ஓலையில் காற்றாடி மடிக்கத் தெரியும். கதையில் காற்றாடி வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு அவர்தான் வாத்தியார்.

மூன்றாவது, சில புத்தகங்கள் விளையாடச் சொல்லியே பிறந்தவை. சந்தியா ராவ் எழுதி நீனா சப்னானி படம் வரைந்த, அம்மாவின் புடவையைப் பற்றிய துளிகா புத்தகம் அப்படிப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் புடவை ரயிலாகிறது, ஆறாகிறது, ஒளிந்துகொள்ளும் மறைவாகிறது. அதை வாசித்த கையோடு பழைய புடவை ஒன்றை இழுத்துப் போட்டால் போதும்; வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஆட்டம் நடுவில் சலித்தால், "அடுத்து என்னவா ஆச்சு?" என்று பிள்ளைகளே புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். விளையாட்டிலிருந்து புத்தகத்துக்குத் திரும்பிப் போகும் இந்த வழிதான் முக்கியம். இந்த வழி இருந்தால் கைவேலை வாசிப்பின் நீட்சியாகும். இல்லாவிட்டால் வாசிப்பு கைவேலைக்கு முன்னுரையாகச் சுருங்கிப்போகும்.

குறைகள்

உலகம் முழுக்க அதிகமாகச் செய்யப்படும் ஒரு கைவேலையையே பார்க்கலாம். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுப் புத்தகத்துக்கு முட்டை அட்டையில் புழு செய்வது. அட்டையை நீளவாக்கில் வெட்டிப் பச்சை அடித்து, தலைப்பக்கம் சிவப்பு அடித்து, இரண்டு உணர்கொம்பு செருகினால் புழு தயார். வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளிடமும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே புழு.

அந்தப் புத்தகத்தின் உயிர் எங்கே இருக்கிறது? கார்ல் முதலில் மெல்லிய தாள்களில் வண்ணம் பூசி, பிறகு அவற்றை வெட்டி ஒட்டி உருவங்களை உண்டாக்குவார். பக்கங்களில் புழு தின்ற இடமெல்லாம் நிஜமாகவே ஓட்டை. திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு இரண்டு என்று பழங்கள் கூடிக்கொண்டே போகும். முட்டை அட்டைப் புழுவில் தாளின் வண்ணம் இல்லை, ஓட்டை இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கதையில் வரும் ஓர் உயிரினத்தின் வெளிவடிவம் மட்டும் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளே தாளில் வண்ணம் பூசிக் காயவைத்து, பலாச்சுளையும் முந்திரிப்பழமும் நுங்குமாக வெட்டி ஒட்டி, விரல் நுழைகிற ஓட்டை போடட்டும். பண்ருட்டிப் பக்கத்துப் புழு சனிக்கிழமை எதையெல்லாம் தின்று வயிறு வலித்துக் கிடந்தது என்று அவர்களே சொல்லட்டும். செலவு குறையும், கார்ல் அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று பார்க்கப் பிள்ளை மறுபடி பக்கத்தைத் திறக்கும்.

அடுத்த குறை மனம் சம்பந்தப்பட்டது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்ன ஆய்வு ஒன்றை 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்டனர். பரிசு கைக்கு வந்தபின் அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. "கதையை ஒழுங்காக் கேட்டாத்தான் கிராஃப்ட்" என்று சொல்லும்போது நாமும் இதையேதான் செய்கிறோம்: கதை கடமையாகிறது, கைவேலை கூலியாகிறது. ஜூடி டிலோச்சின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். இழுத்தும் தூக்கியும் பார்க்கும் அமைப்புள்ள புத்தகத்தைவிட, சாதாரணப் படங்கள் உள்ள புத்தகத்திலிருந்தே சின்னஞ்சிறு குழந்தைகள் புதிய செய்திகளை அதிகமாகக் கற்றனர். கைக்கு வேலை கூடினால் கவனம் கதையை விட்டுக் கைக்குப் போய்விடுகிறது. அந்த ஆய்வு புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் வித்தைகளைப் பற்றியது, வாசித்து முடித்தபின் செய்யும் கைவேலையைப் பற்றியதல்ல என்பது உண்மை. ஆனாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

மூன்றாவதைப் பலர் வெளியே சொல்வதில்லை. 'குடும்ப விளையாட்டு' என்று அச்சிட்டிருந்தாலும் அட்டை சேகரிப்பதும், பசை காய்ச்சுவதும், கடைசியில் தரையைக் கூட்டுவதும் அம்மாவின் தலையில்தான் விழுகின்றன. அப்பா படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்.

அலையாத்திக் காட்டோரத்தில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் இந்த நாள்களுக்குள் அடங்கிவிடும். மற்ற மாதங்களில் பிள்ளை கண்விழிக்கும் முன்பே கடலுக்குப் போய்விடும் விசைப்படகுத் தொழிலாளி, இப்போது பகலெல்லாம் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். குடும்பத்தோடு சேர்ந்து வாசிக்க இதைவிட நல்ல காலம் அமையாது. காசு இதைவிட வறண்ட காலமும் கிடையாது. இந்த வீட்டிடம் கடையில் கைவேலைப் பெட்டி வாங்கச் சொல்வது அபத்தம்.

இருளர் குடும்பங்களின் நிலை வேறு. உப்பங்கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் போடுகிறவர்களுக்குத் தடைக்காலம் என்று தனியாக ஓய்வு வந்துவிடாது. அம்மாவும் அப்பாவும் தண்ணீருக்குள் நிற்கும் நேரத்தில் குடும்பம் என்பது அக்கா, தம்பி, கிழவி ஆகிய மூவர்தான். முகாம்களின் செய்முறைத் தாள் இவர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பொருளுக்கும் திறமைக்கும் இந்த ஊர்களில் பஞ்சமே இல்லை. வலை ஊசியில் நூலேற்றி ஒரே அளவில் கண்ணி போடும் கைக்கு, வண்ணத்தாளில் மீன் வெட்டச் சொல்லித்தருவது வேடிக்கையாக இருக்கும். அதைவிட, மீன்கள் வரும் படப்புத்தகம் ஒன்றைப் பழுது பார்க்கும் வலைக்குப் பக்கத்தில் விரித்து வைக்கலாம். "அப்பா, இந்த மீனு இந்தக் கண்ணியில மாட்டுமா, நழுவிடுமா?" என்று பிள்ளை கேட்கும். அப்பா கண்ணிக்குள் விரலை விட்டு அளந்து காட்டுவார். "இது கழியில கெடக்குற மீனு, இந்த வலைக்கு வராது" என்பார். ஒருவேளை, "துடுப்ப தப்பா போட்டிருக்கான்" என்றும் சொல்வார். புத்தகத்தைத் திருத்தும் உரிமை தன் அப்பாவுக்கு உண்டு என்று பிள்ளை தெரிந்துகொள்வது எந்தக் கைவேலையாலும் கிடைக்காத பாடம்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. வயிற்றுப்பிழைப்பான பறியைச் சிறிதாக முடையவைத்து, 'பாரம்பரியக் கைவினை' என்று முகாம் சுவரில் மாட்டிவைப்பது இன்னொரு வகை முட்டை அட்டைப் புழுதான். விளையாட்டு என்ற பெயரில் பிள்ளைகளை வலை வேலையில் உட்காரவைப்பதும் கூடாது. விளையாட்டுக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது: பூவரச இலைப் பீப்பி, பனங்காய் வண்டி, கிளிஞ்சல்களை வைத்து ஆடும் பல்லாங்குழி.

காட்டைப் பற்றிய புத்தகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையேல் மிதந்துபோய் வேறு கரையில் வேர்விடும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி வளர்கின்றன. அதன் இலைகள் உப்பை வெளியேற்றுகின்றன. படகில் போய் இவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து படத்தோடு ஒப்பிடுவதே நல்ல செயல்பாடு. 'அக்கம்பக்கத்து இலைகளைப் பறித்து ஒட்டுக' என்று எல்லா ஊருக்கும் பொதுவாக அச்சிடும் குறிப்பு இங்கே ஆபத்து. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இந்தக் காட்டில் வளர்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். போதாததற்குப் பிச்சாவரம் காப்புக்காடு. பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022 முதல் உள்ள இடம். மினுக்குத்தூளும் தெர்மாகோலும் கொண்டு காட்டைப் போற்றும் கைவேலை செய்து, மிச்சத்தை அந்த ஓடையிலேயே சேர்ப்பதை என்னவென்று சொல்வது?

கைவேலை வேண்டாத புத்தகம்

எல்லாப் புத்தகத்துக்கும் கைவேலை உண்டு என்பதே இந்தப் பழக்கத்தின் பெரிய பிழை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிக் குழந்தைகளுக்கான புத்தகங்கள் இருக்கின்றன. சந்தியா ராவின் 'மை ஃபிரெண்ட் த சீ' ஒன்று. வங்கப் பட்டுவா கலைஞர்கள் மொய்னா, ஜாய்தேவ் சித்ரகார் இருவரும் படைத்து, சுருள் ஓவியம்போல் விரியும் வடிவில் தாரா வெளியிட்டது இன்னொன்று. அன்றைய அலையில் எம்.ஜி.ஆர். திட்டு நிலைகுலைந்தது. இன்றைய பள்ளிப் பிள்ளைகள் அதற்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள், பாட்டிமார் அப்படியில்லை. அந்த வீட்டில் இந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டு நீல வண்ணத்தாளில் அலை வெட்டச் சொல்வது கல்நெஞ்சம். அங்கே தேவைப்படுவது பாட்டி பேச முன்வந்தால் உட்கார்ந்து கேட்பது, வராவிட்டால் புத்தகத்தை மூடிவைப்பது. சில கதைகளைக் கேட்டபின் பிள்ளைகள் சும்மா இருக்கட்டுமே.

எடைபோட்டால்

இவ்வளவையும் தராசில் வைத்துப் பார்த்தால், இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அது உண்டாக்கும் பேச்சுக்காகவே அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் முகாம் நடத்துபவர்கள் சிலவற்றைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இருபது புத்தகத்துக்கு இருபது கைவேலை என்று ஓடுவதைவிட, ஐந்து புத்தகங்களைக் கோடை முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். எந்தப் பொருளைக் கொண்டு செய்வது என்பதை அந்த வீட்டாரே தீர்மானிக்கட்டும். செய்து முடித்தபின் பிள்ளை தானாகப் புத்தகத்தைத் திறந்ததா என்பதை மட்டும் கவனித்தால் போதும், கண்காட்சி வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், பெரும்பாலான முகாம்களில் நடப்பதைப் பாருங்கள்: காகித மீன் வீட்டுக்குப் போகிறது; புத்தகம் அலமாரிக்குத் திரும்பிப் பூட்டப்படுகிறது. கிழிந்துவிடும், அழுக்காகிவிடும் என்ற பயம். கைவேலைக்குக் குறைவில்லாத, படப்புத்தகத்துக்கு வழியில்லாத வீட்டுக்கு நாம் கொடுத்தனுப்புவது இன்னொரு கைவேலை. பசைப்புட்டி இல்லாமல் முகாம் நடத்தலாம். பிள்ளை கையில் ஓர் இரவல் புத்தகம் கொடுத்தனுப்பாமல் நடத்தக் கூடாது.