சரக்குக் கப்பலும் எழுவாய்ச் சிக்கலும்: 'எட்வின் ஃபாக்ஸ்' வரலாற்றை முன்வைத்து

1853இல் கல்கத்தாவை அடுத்த சல்கியாவில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'எட்வின் ஃபாக்ஸ்', அக்கால வணிகப் பாய்மரக் கப்பல்களுள் இன்றும் உடல் எஞ்சியுள்ள மிகச் சிலவற்றுள் ஒன்று. பாய்ட் காத்ரன், ஏட்ரியன் ஷூபர்ட் ஆகியோர் 2023இல் வெளியிட்ட நூல் இக்கப்பலின் வாழ்வை 1850 முதல் 1914 வரையிலான உலகமயமாதலின் வரலாறாக வாசிக்கிறது. சாதாரணக் கப்பலொன்று உலகை எவ்வாறு இணைத்தது என்பது அதன் துணைத்தலைப்பின் கருத்து. 'சாதாரணம்' என்னும் அடை பொருத்தமானதே. வேகத்தாலோ வடிவாலோ புகழ்பெற்ற கப்பல் அன்று இது. சிக்கல், 'இணைத்தது' என்னும் வினைக்குக் கப்பலை எழுவாயாக்குவதில் உள்ளது.

முதற்பயணத்தில் தேயிலை ஏற்றி இலண்டன் சென்ற இக்கப்பல், கிரிமியப் போரில் படைவீரரை ஏற்றியது. சீனக் கூலிகளைக் கியூபாவுக்கும், 1858இல் 280 கைதிகளை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலுக்கும் கொண்டு சென்றது. 1873 முதல் 1880 வரை நான்கு பயணங்களில் 751 பேர் இதில் நியூசிலாந்து சென்றனர். 1885 முதல் இறைச்சியை உறையவைக்கும் மிதவைக் கிடங்கு. 1897இல் பிக்டன் துறைக்கு இழுத்து வரப்பட்டபின் நிலக்கரிக் கிடங்கு. 1965இல் பாதுகாப்புச் சங்கம் ஒன்று ஒரு ஷில்லிங்குக்கு இதனை வாங்கியது.

இவற்றுள் எதனையும் கப்பல் தெரிவு செய்யவில்லை. டங்கன் டன்பார் போன்ற இலண்டன் உரிமையாளர்கள் கப்பலின் இடத்தை வாடகைக்கு விட்டனர். அரசுகளும் முகவர்களும் எடுத்தனர். தேயிலைப் பெட்டிக்கும் கைதிக்கும் ஒரே தளம். 'கப்பல் கொண்டு சென்றது' என்று எழுதும்போது வாடகை பேசியவர் தொடரிலிருந்து மறைந்துவிடுகிறார்.

தமிழ்ப் புலம்பெயர்வு ஆய்வுகளும் இத்தொடரமைப்புக்கு விலக்கல்ல. சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்த 'ட்ரூரோ' பெரும்பாலும் ஒரு தொடக்கக் குறியீடாகவே எழுதப்படுகிறது. கப்பல் துறைமுகத்தில் தோன்றித் துறைமுகத்திலேயே மறைகிறது. 1911 வரை நேட்டால் சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். அவர்களுக்கான பயணம் துறைமுகத்தில் தொடங்கவில்லை. உள்நாட்டுச் சந்தைகளிலும் சாலைகளிலும் ஆள்சேர்ப்போரின் பேச்சில் தொடங்கியது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் கடலற்றது என்பதால் இவ்வாய்வுக்குப் புறம்பானதாகக் கருதப்படுவது இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1876–78 பெரும்பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. நேட்டாலுக்கு ஆள் சென்ற மாவட்டங்களுள்ளும் ஒன்று. இன்று பிற மாநிலத் தொழிலாளர் ஒப்பந்தக்காரர் வழியே வந்து சேரும் தொழில்நகரமான ஓசூரில் 'ஆள்சேர்ப்பு' என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

நேட்டால் கப்பல் பட்டியல்கள் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், அங்க அடையாளம் எனப் பதிகின்றன. ஊர்ப்பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த எல்லைப்பகுதியில் -பள்ளி, -அள்ளி, -சந்திரம் என முடியும் ஊர்கள் ஏராளம். அவற்றின் சிதைந்த வடிவங்களை ஆவணக் காப்பக அட்டவணையைக் கொண்டு மட்டும் மீட்க இயலாது; அவ்வூர்களின் பேச்சு வழக்கை அறிந்தவர் அப்பட்டியல்களை வரிவரியாக வாசிக்க வேண்டும்.