மோர் கடைந்தவள்

வேளாங்கண்ணியின் தலவரலாறு மூன்று புதுமைகளால் ஆனது. குளக்கரை ஆலமரத்தடியில் பால் கொண்டுபோகும் சிறுவனிடம் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கேட்கிறாள். நடுத்திட்டில் மோர் விற்கும் கால் முடங்கிய சிறுவனிடம் மோர் கேட்கிறாள். அவனை நடக்க வைத்து, கோயில் கட்டச் சொல்லி நாகப்பட்டினத்துக் கனவான் ஒருவரிடம் அனுப்புகிறாள். புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரையேறி அந்தக் கோயிலைப் பெரிதாக்குகிறார்கள். கேட்பவள் பெண். கண்டவரும் நம்பியவரும் கட்டியவரும் ஆண்கள்.

மோர்க்காரச் சிறுவன் ஓர் ஏழை விதவையின் மகன் என்கிறது மரபு. அந்த ஒரு சொல்லோடு அவளைக் கதை விட்டுவிடுகிறது. மோரைக் கடைந்தது யார்? நடக்க முடியாத பிள்ளையை மரநிழல்வரை தூக்கி வந்தது யார்? "அவளே போய்ச் சொல்லியிருந்தால் கனவான் நம்பியிருப்பாராம்மா?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எனக்கு இந்தப் பிரதிக்குள் நுழையும் வாசல் அந்தக் கேள்விதான்.

கட்டியவர் யார் என்பது வெறும் பக்திச் செய்தி அல்ல. கீழைநாடுகளின் திருச்சபையை நடத்தும் உரிமை 'பதுருவாதோ' என்ற பெயரில் போர்த்துக்கீசிய அரசரிடம் இருந்தது. 1622இல் ரோம் 'புரொப்பகந்தா' என்று தனக்கென ஒரு மறைபரப்புச் சபையை நிறுவியது. அதன்பின் ஒரே கடற்கரைக்கு இரண்டு அதிகாரங்கள். 1838இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி மயிலாப்பூரில் பதுருவாதோவின் அதிகாரத்தை நீக்கினார். கோவாவோடு நின்ற குருக்கள் அதை ஏற்கவில்லை. பிணக்கைத் தீர்க்க 1886இல் உடன்படிக்கை வந்தது. அதற்குப் பிறகும் தஞ்சைப் பகுதியில் மயிலாப்பூரின் பங்குகளும் திருச்சி சேசு சபையாரின் பங்குகளும் அருகருகே கிடந்தன. வேளாங்கண்ணி மயிலாப்பூரோடு இருந்தது. 1952இல் தஞ்சாவூர் மறைமாவட்டம் உருவானபோதுதான் கை மாறியது. இத்தனை வழக்குகளுக்கு நடுவே, மாலுமிகள் கட்டிய கோயில் என்ற கதை ஒரு பட்டாவாகவும் பயன்படக்கூடியது என்றே நான் வாசிக்கிறேன். மாதா இங்கே தாய் மட்டுமல்ல, எல்லைக்கல்லும்கூட. நம் ஊர் எல்லையம்மன்களுக்குத் தெரியாத வேலையா அது!

மணற்பாதையில் முழங்காலால் நகர்ந்து போகும் பெண், இது எந்த ஆயரின் எல்லை என்று கேட்பதில்லை. அவர்களில் பலர் கிறிஸ்தவர்களே அல்ல. இதை உடனே 'பெண்களின் எதிர்ப்பு மரபு' என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டும் கைகளுக்குப் பின்னால் மாமியார் வீட்டின் ஏச்சு உண்டு. தாய்மையைத் தவிர வேறெதையும் வேண்டக் கற்றுத்தராத சமூகத்தில், பிள்ளையை ஏந்தி நிற்கும் மாதாவிடம் வேறு என்ன கேட்பது?

ஆயினும் வேளாங்கண்ணியின் காணிக்கை அருங்காட்சியகத்தை ஒருமுறை நின்று பாருங்கள். வெள்ளியில் கை, கால், கண், தொட்டில்கள், நன்றிக் கடிதங்கள். தலவரலாற்று நூல்கள் இவற்றைப் புதுமைகளுக்குச் சான்று என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆய்வுத் தலைப்புத் தேடி என்னிடம் வரும் மாணவிகளை நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்குத்தான் அனுப்புகிறேன், ஆயர்களின் கடிதங்களுக்கு அல்ல.