துணைவினையும் முன்னுருபுத் தொடரும்: சட்ட மொழிபெயர்ப்பில் சொல்லிணை அட்டவணையின் எல்லை

1. முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்ப்போருக்கான பயிற்சிக் கையேடுகளில் தவறாது இடம்பெறும் அட்டவணை ஒன்று உண்டு. 'கேன்' என்பதற்கு 'முடியும்', 'மே' என்பதற்கு '-லாம்', 'மஸ்ட்', 'ஷல்' ஆகியவற்றிற்கு 'வேண்டும்' என அது இணைகளை வகுத்துத் தரும். தொடக்கநிலை மாணவர்க்கு இது பயன்படுவதே. ஆயின் சட்டம், ஆட்சி ஆகிய துறைகளில் இவ்வட்டவணையே மொழிபெயர்ப்பு நெறியாக நிலைபெற்றுவிட்டதன் விளைவுகள் போதிய அளவு ஆராயப்பெறவில்லை. கடமை, இசைவு, ஆற்றல், ஊகம் முதலியவற்றை உணர்த்தும் துணைவினைகளை ஈண்டுப் பாங்குத் துணைவினைகள் என்கிறோம். இவை தம்மளவில் முழுப்பொருள் தருவன அல்ல. முதன்மை வினையும் அதனைத் தொடரும் முன்னுருபுத் தொடரும் சேர்ந்தே அப்பொருளை வரையறுக்கின்றன. ஆகவே மொழிபெயர்ப்பின் அலகு துணைவினை அன்று, இம்மூன்றின் சேர்க்கையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. பொருளை வரையறுப்பது எது?

எஃப். ஆர். பாமர் 1979இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலத் துணைவினைகளின் பொருள்களை ஊகநிலை, கடமைநிலை, ஆற்றல் முதலியவற்றை உள்ளடக்கிய இயங்குநிலை என மூவகைப்படுத்தினார். ஒரே துணைவினை ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வருதல் இயல்பு. எவ்விடத்தில் எவ்வகை என்பதைக் காட்டுவன சுற்றியுள்ள சொற்களே. பின்வரும் தமிழ்த் தொடர்களை நோக்குக.

(1) அவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.
(2) அவர் பத்து மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.
(3) அவர் இந்நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இவற்றிற்கு நேரான ஆங்கிலத் தொடர்கள் மூன்றிலும் 'மஸ்ட் பி' என்பதே வரும். முதலாவது இருபொருள் தருவது. கடமையாகவும் கொள்ளலாம், ஊகமாகவும் கொள்ளலாம். இரண்டாவது கடமை. மூன்றாவது ஊகம். ஆங்கிலத்தில் 'பை டென்', 'பை நௌ' என ஈரிடத்தும் வருவது 'பை' என்னும் ஒரே முன்னுருபு என்பது கருதத்தக்கது. பொருளைப் பிரிப்பது முன்னுருபு மட்டுமன்று, அது ஏற்ற சொல்லும் சேர்ந்த தொடர் முழுமையும் ஆகும். தமிழ் இவ்வேறுபாட்டைக் '-க்குள்' என்னும் உருபாலும் 'இந்நேரம்' என்னும் காலப்பெயராலும் தெளிவாக்குகிறது. முதன்மை வினையின் பங்கும் குறைந்ததன்று. நிலையை உணர்த்தும் 'இரு' என்பதை நீக்கிச் செயலை உணர்த்தும் 'புறப்படு' என்பதை இட்டால், 'புறப்பட வேண்டும்' என்பதில் ஊகப்பொருள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

சன்னலிலிருந்து ஏரியைக் காணமுடியும் எனப் பெயர்க்கப்படும் தொடரில் குறை வேறுவகையானது. ஆங்கிலம் 'கேன் சீ' என்று துணைவினையை வேண்டி நிற்கிறது. தமிழில் 'சன்னலிலிருந்து ஏரி தெரியும்' என்பதே வழக்கு. 'தெரி' என்னும் வினையே இயலுமைப் பொருளைத் தன்னுள் கொண்டது. துணைவினைக்கு அங்கு வேலையில்லை.

3. எழுவாயின் வேற்றுமை

ஆங்கிலத்தில் எத்துணைவினை வரினும் எழுவாயின் வடிவம் மாறுவதில்லை. தமிழில் 'நான் போக வேண்டும்', 'எனக்கு அது வேண்டும்', 'என்னால் போக முடியும்' என வேற்றுமை மாறுகிறது. கன்னடமும் இவ்வழியதே. பெங்களூரில் மும்மொழியிலும் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் இதனை நாள்தோறும் காண்பர். 'ஹோகபேகு' என்பதற்குப் 'போக வேண்டும்', 'ஹோகபஹுது' என்பதற்குப் 'போகலாம்', 'நன்னிந்த ஆகுத்தெ' என்பதற்கு 'என்னால் முடியும்' எனத் தொடரமைப்பே ஒத்துவருதலின், கன்னடத்திலிருந்து பெயர்ப்போர்க்கு அட்டவணை ஓரளவு போதும். அவ்வசதியை ஆங்கிலத்திற்கும் நீட்டித்துக்கொள்வதே பிழைக்கு வழி வகுக்கிறது.

4. 'வரை' என்னும் சொல்லும் ஒரு தண்டனையும்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. தண்டனையின் பேரெல்லையைக் கூறும் ஆங்கிலத் தொடரமைப்பு மட்டும் புதிய சட்டத்திலும் மாறவில்லை: 'மே எக்ஸ்டெண்ட் டு' என்பதே அது.

அட்டவணையைப் பின்பற்றுவோர் இதனை 'மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படலாம்' எனப் பெயர்ப்பர். பயிற்சி வகுப்பொன்றில் இத்தொடரைச் சட்டப்பயிற்சி இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டியபோது, "முதலில் எத்தனை ஆண்டு கொடுப்பார்கள், அதை யார் நீட்டிப்பார்கள்?" என்று அவர் கேட்டார். வினா மிகவும் சரியானது. 'நீட்டி' என்னும் செயப்படுபொருள் குன்றா வினை, முன்னரே உள்ள ஒரு கால அளவைப் பின்னர் ஒருவர் கூட்டுதலைக் குறிக்கும். ஆங்கில மூலத்திலோ அவ்வினை செயப்படுபொருள் குன்றியது. 'டு' என்னும் முன்னுருபும் கால அளவும் சேர்ந்து 'எட்டுதல்' என்னும் பொருளை அதற்குத் தருகின்றன. மொழிபெயர்ப்பில் வினை குன்றாவினையாகிப் பின் செயப்பாட்டுவினையும் ஆனதால், பேரெல்லை கூறிய விதி தண்டனையைக் கூட்டும் அதிகாரம் வழங்கும் விதிபோல் தோன்றுகிறது. 'மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனை' என்பதில் துணைவினையே இல்லை; எனினும் மூலத்தின் 'மே' முழுமையாகப் பெயர்க்கப்பட்டுள்ளது. அதன் பொருளைச் சுமப்பது 'வரை' என்னும் இடைச்சொல். குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் தமக்கு நேரக்கூடியது யாது என அறிந்துகொள்வது இந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

5. எதிர்மறையும் விலக்கும்

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பில் ஆங்கிலம் எதிர்மறையை எழுவாயில் வைத்து, 'ஷல்' என்பதை உடன்பாட்டில் நிறுத்தி, சட்டம் வகுத்த நெறிமுறையை விலக்குத் தொடராக இறுதியில் சேர்க்கிறது. எதிர்மறைப் பெயர் தமிழில் இல்லை. 'எவரையும்' என்று தொடங்கி வினைமுடிவில்தான் மறுக்க இயலும். அவ்வினைமுடிவு எது? 'வேண்டும்' என்பதன் எதிர்மறை 'வேண்டாம்', 'வேண்டியதில்லை' என்பன. இவற்றுள் பின்னது தடையன்று, கடமையின்மை. தடையை உணர்த்துவன 'கூடாது', 'ஆகாது' என்பனவே. உடன்பாட்டில் ஓர் இணை பொருந்தியது என்பதற்காக எதிர்மறையிலும் அதன் மறுதலை பொருந்தும் எனக் கொள்ளல் ஆகாது. விலக்குத் தொடரும் 'நெறிமுறைப்படி அன்றி' என வினைக்கு முன் வந்து அதனோடு இயைந்தால்தான் தடையின் எல்லை விளங்கும்.

6. ஒரு மறுப்பும் விடையும்

சட்டமொழியில் ஒருமைப்பாடு இன்றியமையாதது, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நெறியைத் தளர்த்தினால் பொருள்கோள் குழப்பமுறும் என்பர். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. 1973ஆம் ஆண்டின் அதிகாரமுறைப் பாடங்கள் (மத்திய சட்டங்கள்) சட்டம் மாநில மொழிப் பெயர்ப்புகளுக்கு அதிகாரத் தகுதி பெற வழிசெய்துள்ள நிலையில், மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பம்போல் சொல்லை மாற்றுதல் தகாது.

மேலும், மூலமே பொருளைத் திறந்து வைத்துள்ள இடங்களும் உண்டு. தேர்வாணையத்தைக் கலந்தாலோசித்தல் பற்றிய 320(3)ஆம் உறுப்பில் 'ஷல்' வருகிறது. எனினும் 1957இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைக் கட்டாய விதியன்று என்று கொண்டது. இங்கிலாந்தில் 1880இல் முடிந்த ஜூலியஸ் வழக்கு 'மே' என்பது சில சூழல்களில் கடமையோடு இணையக்கூடும் என்பதை ஏற்றது. இத்தகைய இடத்தில் 'கட்டாயமாகக் கலந்தாலோசித்தல் வேண்டும்' எனச் சொல்லைக் கூட்டிப் பெயர்ப்பது நீதிமன்றத்தின் பணியை மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்வதாகும். 'வேண்டும்' என்று நிறுத்துவதே முறை.

ஆகவே வேறுபாடு இது: வினையும் முன்னுருபுத் தொடரும் மூலத்திலேயே பொருளை வரையறுத்துவிட்ட இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அவ்வரையறையைப் பின்பற்ற வேண்டும், மூலம் வரையறுக்காத இடத்தில் தாமும் வரையறுத்தல் கூடாது. அட்டவணை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

7. முடிவுரை

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் 'ஷல்' என்பதைக் கைவிட்டு 'மஸ்ட்' என்பதை மேற்கொண்டது. மூலமொழியிலேயே ஐயத்தைக் குறைக்கும் முயற்சி அது. நம் சட்டங்களின் ஆங்கில மூலம் அவ்வாறு மாறும்வரை, தமிழில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒருமைப்பாட்டைத் தனிச்சொல்லில் தேடாது தொடரில் தேடுதல் வேண்டும். 'மே' என ஒரு பதிவு இருப்பதற்கு மாறாக, 'மே எக்ஸ்டெண்ட் டு' என்பதற்கு 'வரையிலான' எனவும், எதிர்மறையோடு வரும் 'ஷல்' என்பதற்கு 'ஆகாது' எனவும் தொடர்வாரியான பதிவுகள் கொண்ட சட்டத்தமிழ்க் கையேடு உருவாதல் வேண்டும். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் சட்டம் கற்றோரும் கூடிச் செய்யத்தக்க பணி இது.