கடாரமும் கங்கா நகரமும்: பெயரொலி மட்டும் சான்றாகுமா?

மலாய்த் தீவக்குறையின் பண்டை வரலாற்றைத் தமிழ்ச் சான்றுகளிற் தேடுவோர் முதற்கண் எடுத்தாள்பவை இரண்டு. ஒன்று, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை. மற்றொன்று, முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி. முன்னதில் 'காழகம்' என்னும் ஒரு சொல் உண்டு. பின்னதில், 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களாகப் பதின்மூன்று பெயர்கள் உண்டு. இவற்றைக் கொண்டு இத்தீவக்குறையின் படத்தையே வரைந்துவிடலாம் என்னும் துணிவு தமிழ் மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பேராக் மாநிலத்திலோ இத்துணிவு மேலும் ஒரு படி ஏறி, புருவாஸ் வட்டாரத்துக் கங்கா நகரத்தையும் இராசேந்திரனே வென்றான் என்று முடித்துவிடுகின்றது. இம்முடிபுகளுள் எது நிற்கும், எது வீழும் என்பதை ஆராய்தல் தமிழாசிரியர்க்கு இன்றியமையாத கடமையாகும்.

மெய்க்கீர்த்தி ஒரு செய்யுள்

முதலில் மனங்கொள்ளத்தக்கது, மெய்க்கீர்த்தி ஒரு செய்யுள் என்பதே. அது கல்லில் வெட்டப்பட்டமையால் வரலாறாகவும், அகவலோசையில் அமைந்தமையால் இலக்கியமாகவும் விளங்குகின்றது. ஆராய்ச்சியாளர் பலர் அதன் கல்லைக் கண்டனர். ஓசையைக் காண மறந்தனர்.

பதின்மூன்று பெயர்கள் வருமாறு: சீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம். இவற்றுள் மாயிருடிங்கம், மாப்பப்பாளம், மாதமாலிங்கம், மானக்கவாரம் என்னும் நான்கும் 'மா' என்னும் முன்னொட்டைப் பெற்றுள்ளன. அதனை நீக்கினால் நக்கவாரம் எனும் நிக்கோபார்த் தீவுகள் தெளிவாகப் புலப்படும். தமாலிங்கம் என்பது இன்றைய தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் பகுதியில் இருந்த தாம்பிரலிங்கமாகும். பப்பாளம் என்பதை, இலங்கை மகாவம்சம் பர்மா நாட்டில் குறிக்கும் துறையோடு இணைத்துக் கண்டனர். தக்கோலத்தின் முன் நிற்கும் 'தலை'யும் இத்தகைய முன்னொட்டே. ஆகவே புலவர், அயல்நாட்டுப் பெயர்களைத் தமிழ்ச் செய்யுளுக்கு ஏற்பச் செப்பம் செய்தே அமைத்துள்ளார் என்பது வெளிப்படை.

அடைமொழிகளின் நிலை இன்னும் நுட்பமானது. நக்கவாரத்துக்குத் தேன் சொரியும் சோலைகளைப் புலவர் தந்துள்ளார். இதனை நிக்கோபாரின் இயற்கை வருணனையாகக் கொள்வார் உளர். ஆயின் 'மானக்கவாரம்' என்பதன் இரண்டாம் எழுத்தாகிய னகரத்துக்கு எதுகையாகவே அங்குத் 'தேன்' வந்து நிற்கின்றது. தலைத்தக்கோலத்தைக் கலை வல்லோர் புகழ்வதும், இலங்காசோகம் கலங்காமல் நிற்பதும் இவ்வாறே. தக்கோலத்தில் பெரிய கல்விக்கழகம் இருந்ததென்று இவ்வடைமொழி கொண்டு ஒருவர் முடிவு கட்டுவாராயின், அவர் எதுகையை வரலாறாக்கியவர் ஆவார்.

மலையூர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இது சுமத்திரா தீவின் சாம்பிப் பகுதியில் இருந்த மெலாயு நாடு என்பது பெரும்பாலோர் கொள்கை. சாம்பியோ பத்தாங்காரி ஆற்றின் தாழ்நிலத்து ஊர். எனினும் புலவர் அதற்கு மலைமேல் அமைந்த கோட்டையை அளிக்கின்றார். அயற்பெயர் தமிழ் வாயில் மலையூர் ஆயிற்று. ஆனவுடன் மலையும் உடன் வந்தது என்று கொள்வதே பொருந்தும். இதனால் மெய்க்கீர்த்தி பொய்க்கீர்த்தி ஆகிவிடாது. பெயர்கள் சான்று, அடைமொழிகள் அணி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளன் கடன்.

பெயர்வரிசை படைவழியன்று

பள்ளிப் பிள்ளைகளுக்காக வரையப்படும் படங்களிற் காணப்படும் மற்றொரு பிழை, இப்பதின்மூன்றையும் வரிசையாகக் கோட்டால் இணைத்து, சோழர் கப்பல்கள் சென்ற வழி இதுவே என்று காட்டுவதாகும். நிலநூல் அறிவு சிறிதிருப்பினும் இக்கோடு நில்லாது. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே செல்லும் கலத்துக்கு வழியில் எதிர்ப்படுவது நக்கவாரம். மெய்க்கீர்த்தியில் அது பன்னிரண்டாவதாக வருகின்றது. முதலில் வருவதோ சுமத்திராவின் தென்பால் பலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்டிருந்த சீவிசயம். எல்லாவற்றிற்கும் இறுதியில் கடாரம். அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைத் தொடக்கத்திலேயே கடாரத்து மன்னனாகக் குறித்து, முடிவிலும் கடாரத்தையே நிறுத்துவது பாட்டின் அமைதி. அது மாலுமியின் நாட்குறிப்பன்று.

ஊர் ஊராய் அலைந்த கடாரம்

கடாரம் எங்குள்ளது என்னும் வினாவுக்கு அறிஞர் கூறிய விடைகளின் வரலாறே ஒரு நல்ல பாடமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ், பெயரொற்றுமை கருதி அதனை இராமநாதபுரச் சீமையின் கிடாரம் என்றார். கடல் கடந்த படையெடுப்பு, இவ்வாறு பாண்டி நாட்டுக்குள்ளேயே அடங்கிற்று. அடுத்து, கனகசபைப் பிள்ளை அதனைப் பர்மாவுக்குக் கொண்டு சென்றார். பெகு நகரில் கிடைத்த கருங்கல் தூண்கள் இரண்டும் சோழனின் வெற்றித் தூண்கள் என்று எண்ணப்பட்டன. 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதே சீவிசயப் பேரரசைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்ட பின்னரே, கடாரம் கெடாவாயிற்று. நீலகண்ட சாஸ்திரியாரும் அவ்வழியே நின்றார். 1961இல் வெளிவந்த பால் வீட்லியின் 'பொன் கெர்சொனீஸ்' என்னும் ஆங்கில நூல் இத்தீவக்குறையின் பழைய இடப்பெயர்கள் அனைத்தையும் திரட்டி ஆராய்ந்தது.

முதல் விடை வீழ்ந்தது. மூன்றாம் விடை நின்றது. காரணம் என்ன? கிடாரம் என்னும் ஊர்ப்பெயர் ஒலியளவில் கெடாவைவிட நெருக்கமானது. ஆகவே ஒலி கெடாவை நிலைநிறுத்தவில்லை. பிற சான்றுகளே நிலைநிறுத்தின. வடமொழிக் கதைகளின் கடாகம், ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இட்சிங் தங்கிச் சென்ற துறை, அராபியர் கூறிய கலா ஆகியவை ஒரே கரையை நோக்கி நின்றன. 1,217 மீட்டர் உயரமுள்ள செராய் மலை, வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்குத் தொலைவிலேயே தோன்றும் கலங்கரை விளக்கம் போன்றது. அதன் அடியில் மெர்போக், மூடா ஆறுகளின் முகத்துவாரங்கள் கலங்களுக்கு ஒதுங்கிடம் தந்தன. அவ்வாற்றங்கரைகளில் குவாரிச் வேல்ஸ் 1936-37இல் அகழ்ந்தபோது கோயில் அடித்தளங்கள் வெளிப்பட்டன. புக்கிட் பத்து பகாட் கோயில் 1960இல் மீண்டும் எடுத்து நிறுத்தப்பெற்றது. 2009 முதல் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைக்களங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நூல், நிலம், மண் என்னும் மூன்று சான்றும் ஒன்றுபட்டமையாலேயே கடாரம் கெடாவில் நிலைத்தது.

பட்டினப்பாலைக் காழகத்துக்கு இவ்வொற்றுமை இன்னும் வாய்க்கவில்லை. அது கடாரமே என்றவர் நச்சினார்க்கினியர். அவர் காலம், கடாரங்கொண்ட சோழனின் புகழ் தமிழகமெங்கும் பரவிய பின்னர் வந்த காலம். உரையாசிரியர் தம் காலத்து அறிவைக் கொண்டு பழஞ்சொல்லை விளக்குதல் இயல்பு. அவ்வுரையைப் போற்றலாம், அதனைக் கரிகாலன் காலத்துச் சாசனமாக்குதல் தகாது.

வட ஐரோப்பாவிலிருந்து ஒரு பாடம்

இவ்விடர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில், கிழக்கே பொன் தீவக்குறை கூறப்படுவதுபோல, ஐரோப்பாவின் வடபால் கிம்பிரியத் தீவக்குறை ஒன்றும் கூறப்படுகின்றது. முன்னது மலாய்த் தீவக்குறை. பின்னது டென்மார்க்கின் நிலப்பகுதியாகிய யூட்லாந்து. அங்கு வாழ்ந்த கிம்பிரி மக்கள் தமக்குப் புனிதமான கொப்பரை ஒன்றை உரோமப் பேரரசர் அகஸ்தசுக்கு அனுப்பினர் என்று ஸ்திராபோ எழுதினார். 1891இல் அந்நாட்டின் இம்மர்லாந்துப் பகுதியில், குண்டஸ்திருப் என்னுமிடத்துச் சதுப்பில் வெள்ளிக் கொப்பரை ஒன்று கிடைத்தது. இம்மர்லாந்து என்னும் பெயரே கிம்பிரியின் திரிபு என்பர்.

நூல் கூறியதும் கொப்பரை; மண் தந்ததும் கொப்பரை; ஊர்ப்பெயரும் ஒத்தது. இனி ஐயம் ஏது என்று தோன்றும். ஆயினும் அறிஞர் அதன் வேலைப்பாட்டை நுணுகி நோக்கினர். அது தென்கிழக்கு ஐரோப்பாவில், திரேசியக் கொல்லர் கைவண்ணத்தில் உருவாகி வடக்கே வந்தது என்பார் பலராயினர். பெயரும் பொருளும் ஒத்தபோதே இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், பெயர் மட்டும் ஒத்தபோது எத்துணை வேண்டும்! தமிழிலும் கடாரம் என்பது பெரிய கொப்பரையைக் குறிக்கும் சொல். தக்கோலம் என்பதோ மணப்பொருள் ஒன்றின் பெயர். தொண்டை நாட்டில் 949இல் போர் நிகழ்ந்த ஊரின் பெயரும் அதுவே. ஒரு பெயர் பலவற்றுக்கு உரியதாதல் மொழியின் இயல்பு.

கங்கா நகரம்

இனிப் பேராக்கின் வழக்குக்கு வருவோம். மலாய் இலக்கியமாகிய செசாரா மெலாயு, கலிங்க நாட்டுப் பேரரசன் ஒருவன் படையுடன் வந்து டிண்டிங் பகுதியில் இருந்த கங்கா நகரத்தை வென்றான் என்று கூறுகின்றது. அவன் பெயர் சூரன் என்றும் சூலன் என்றும் சுவடிக்குச் சுவடி மாறும். சூலன் என்பது சோழனே என்று கொண்டு, படையெடுத்தவன் இராசேந்திரன் என்று முடிக்கின்றனர்.

மெய்க்கீர்த்தியின் பதின்மூன்று பெயர்களில் கங்கா நகரம் இல்லை. வென்ற இடங்களை வரிசையாக அடுக்கிப் புகழ்வதையே நோக்கமாகக் கொண்ட பாட்டு, வென்ற நகரொன்றை விட்டுவிடுமா என்பது எண்ணத்தக்கது. செசாரா மெலாயுவின் பெயர்பெற்ற சுவடி 1612இல் தொகுக்கப்பட்டது. படையெடுப்புக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். கங்கா நகரத்து அரசன் பெயரில் 'ஷா' என்னும் பாரசீகப் பட்டம் ஒட்டியிருப்பது, கதை சொன்னவர் காலத்தைக் காட்டுகின்றது. அக்கதைக் குலத்து அரசன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்கி, அங்குள்ள இளவரசியை மணக்கின்றான். மலாக்கா அரசர்க்குப் பெருமைமிகு குலமுறை வகுப்பதே அப்பகுதியின் நோக்கம். ஆகவே அதுவும் ஒரு கீர்த்தியே.

இதனைக் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் வேண்டா. சோழர் படையெடுப்பின் மங்கிய நினைவு மலாய் மக்களிடையே தலைமுறை பலவாய் வாழ்ந்து, இக்கதையாய் மலர்ந்திருத்தல் கூடும். நினைவு வேறு, நிகழ்ச்சிப் பதிவு வேறு. பேராக்கின் மண்ணோ வேறு சான்றுகளைத் தருகின்றது. கோலா செலின்சிங்கில் ஐவர் ஈவான்ஸ் அகழ்ந்தபோது ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த முத்திரை கிடைத்தது. பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936இல் அவலோகிதேசுவரர் வெண்கலத் திருவுருவமும், ஈப்போவை அடுத்த பெங்காலானில் புத்தர் திருவுருவமும் கிடைத்தன. இவை படை வந்த கதையைச் சொல்லவில்லை. சமயமும் வாணிகமும் ஈயமும் கலந்த வாழ்வைச் சொல்கின்றன.

மறக்கப்பட்ட சான்றுகள்

படையெடுப்பின் ஒளி கண்ணைக் கூசச் செய்வதால் காணாமற்போன தமிழ்ச் சான்றுகள் இத்தீவக்குறையில் உண்டு. தாய்லாந்தின் குளோங் தோமில் கிடைத்த உரைகல் ஒன்று, பெரும்பத்தன் என்பவனுடைய கல் என்று தமிழ் பிராமி எழுத்தில் கூறுகின்றது. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது அது. பொன் தீவக்குறையில் பொன்னை உரைத்துப் பார்த்த ஒரு தட்டானின் கல்! தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதனைக் காக்க ஏற்ற மணிக்கிராமத்து வணிகரையும் குறிக்கின்றது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் தாங்கிய குளம் அது.

படையெடுப்புக்கு இருபது ஆண்டுகள் முன்னர், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததை லெய்டன் பெரிய செப்பேடு கூறும். கடாரத்துத் தூதுவர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் 1090இல் அவ்விகாரத்துக்குரிய அறத்தை மீண்டும் உறுதி செய்ததைச் சிறிய செப்பேடு கூறும். போர் ஒரு முறை. உறவோ அதன் முன்னும் பின்னும்.

தோட்டப்புறப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு மிகவும் தேவை. அவர்தம் முன்னோருட் பலர் அதே நாகப்பட்டினத் துறையில் கப்பலேறி, இரப்பர் மரம் சீவ வந்தவர்கள். அவர்களுக்கு வெற்றிவீரன் ஒருவனை மட்டும் மூதாதையாகக் காட்டினால், தம் பாட்டனாரின் உழைப்பு அவர்களுக்குச் சிறிதாகத் தோன்றும். அயலில் வாழும் மலாய் மாணவனுக்கும் அது வென்றோர் கதையாகவே ஒலிக்கும். குளம் காத்த வணிகனையும் பொன் உரைத்த தட்டானையும் காட்டினால், இந்நிலத்தோடு கைத்தொழிலால் பிணைந்த நெடிய மரபொன்று தெரியும். பால்மரத் தொழிலாளி அம்மரபின் அண்மைக் கண்ணி.

ஆகவே தமிழாசிரியர்கள் மெய்க்கீர்த்தியைக் கற்பிக்கும்போது பெயரையும் அணியையும் பிரித்துக் காட்டுவாராக. ஓர் இடத்தை இன்னதெனக் கூறுமுன் நூல், நிலம், மண் என்னும் மூன்றையும் வினவப் பழக்குவாராக. கங்கா நகரத்தைக் கதையாகவே சுவைக்கவும், கடாரத்தை வரலாறாகவே கற்கவும் மாணவர் அறிந்துகொள்வாராயின், அது தமிழுக்கும் அவர் வாழும் நாட்டுக்கும் ஒருங்கே நலம் பயக்கும்.