கார்ட்ராஸ் குருமடம்: இடிபாடுகளை ரசிப்பதில் ஒரு சிக்கல்

கைவிடப்பட்ட கட்டிடங்களுக்குள் நுழைந்து வீடியோ எடுப்பவர்களுக்கென்று யூடியூபில் தனி உலகமே இருக்கிறது. மூடிய ஆஸ்பத்திரி, மூடிய ஆலை, மூடிய பள்ளிக்கூடம். இதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் மவுசு அதிகம். நான் இவற்றை நிறையப் பார்ப்பவன். அதனால் இவற்றின் இலக்கணம் எனக்கு அத்துப்படி. முதலில் டார்ச் வெளிச்சம், பிறகு காலடியில் நொறுங்கும் கண்ணாடிச் சத்தம், பின்னணியில் மெதுவாக ஒரு பியானோ. கடைசியில் ட்ரோன் மேலே எழும்ப, எழும்ப, குரல் சொல்லும்: "இந்தக் கட்டிடத்தின் எதிர்காலம் என்னவென்று யாருக்கும் தெரியாது." முடிந்தது. லைக் போடுங்க, சப்ஸ்க்ரைப் பண்ணுங்க.

எனக்கு இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் சண்டை. அது முடிவு இல்லை, ஆரம்பம். ஒரு கட்டிடத்தின் எதிர்காலம் தெரியவில்லை என்றால், யாரோ ஒருவர் முடிவெடுக்காமல் இருக்கிறார் என்று அர்த்தம். யார் அவர்? ஏன் எடுக்கவில்லை? எடுத்தால் யார் பணம் கட்டுவது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் சுவரில் படர்ந்த பாசியை மட்டும் காட்டுவது எனக்கு ஏமாற்று வேலையாகவே தோன்றுகிறது.

இதை ஒரே ஒரு கட்டிடத்தை வைத்துப் பேசிப் பார்க்கிறேன். ஸ்காட்லாந்தில் கிளைட் நதியின் வடகரையில் கார்ட்ராஸ் என்று ஒரு சிற்றூர். அதையொட்டிய கில்மஹியூ எஸ்டேட்டுக் காட்டுக்குள் இருக்கிறது செயின்ட் பீட்டர்ஸ் குருமடம். கத்தோலிக்கப் பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி அது. திறந்தது 1966-ல். மூடியது 1980-ல். இயங்கியது பதினான்கு வருடம்கூட முழுதாக இல்லை. அதைப் போல மூன்று மடங்கு காலமாகப் பாழடைந்து கிடக்கிறது.

*

முதலில் இது எவ்வளவு நல்ல கட்டிடம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதற்கும் அர்த்தம் இருக்காது.

கிளாஸ்கோ உயர்மறைமாவட்டத்துக்காக கில்லெஸ்பி, கிட் அண்ட் கோயா என்ற நிறுவனம் இதைக் கட்டியது. வடிவமைத்தவர்கள் அங்கே வேலை பார்த்த இரண்டு பேர்: ஐஸி மெட்ஸ்டீன், ஆண்டி மக்மில்லன். மெட்ஸ்டீன் பெர்லினில் பிறந்த யூதர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிக் குழந்தையாக ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். அப்படிப்பட்டவர் கத்தோலிக்கப் பாதிரியார்களுக்குக் கல்லூரி கட்டினார். மக்மில்லன் கிளாஸ்கோக்காரர்.

எஸ்டேட்டில் ஏற்கெனவே விக்டோரிய காலத்து மாளிகை ஒன்று இருந்தது. அதை இடிக்காமல் நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிலும் கான்கிரீட்டில் புதிய கட்டிடங்களை எழுப்பினார்கள். முக்கியக் கட்டிடம் உள்பக்கம் படிப்படியாகச் சரியும். கீழே சிற்றாலயமும் சாப்பாட்டுக்கூடமும். மேல் அடுக்குகளில் நூறு பேர் அளவுக்கு மாணவர் அறைகள். ஒரு மாணவன் கதவைத் திறந்து வெளியே வந்தால் கீழே பலிபீடம் இருக்கும் வெளி தெரியும். தூங்குவது, சாப்பிடுவது, ஜெபிப்பது எல்லாம் ஒரே கூரைக்கடியில், ஒன்றின்மேல் ஒன்றாக. லெ கார்பூசியே பிரான்சில் கட்டிய லா தூரெத் மடத்தின் பாதிப்பு இதில் உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வாழ்க்கையையே ஒரு குறுக்குவெட்டுப் படமாக வரைந்த அந்தத் துணிச்சல் இவர்களுடையது. 2005-ல் ஸ்காட்லாந்தின் ப்ராஸ்பெக்ட் பத்திரிகை நடத்திய தேர்வில் நாட்டின் மிகச் சிறந்த நவீனக் கட்டிடங்களில் முதலிடம் இதற்கே கிடைத்தது. அப்போது இது இடிபாடாகி வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

*

அப்புறம் ஏன் மூடினார்கள்? வழக்கமான பதில், கட்டிடம் ஒழுகியது என்பது. உண்மைதான். ஆரம்பத்திலிருந்தே ஒழுகியது, குளிர்ந்தது, பராமரிக்கக் கையைக் கடித்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பெய்யும் மழைக்கு அந்தத் தட்டைக் கூரைகள் தோதாக இல்லை. ஆனால் ஒழுகுவதற்காக மட்டும் யாரும் கல்லூரியை மூடுவதில்லை. நம்மூரில் ஒழுகாத கல்லூரி எத்தனை இருக்கிறது?

பெரிய காரணம் வேறு. 1953-ல் இந்தக் குருமடத்தைக் கட்டும் வேலையை ஒப்படைத்தார்கள். கட்டத் தொடங்கியது 1961-ல். அடுத்த வருடமே ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1965-ல் அது முடிந்தபோது திருச்சபை வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்திருந்தது. நம்மூர் கோயில்களில் லத்தீன் போய்த் தமிழில் திருப்பலி வந்ததும் இதே சங்கத்தால்தான். பாதிரியாராகப் போகிறவனைக் காட்டுக்குள் அடைத்து வளர்க்க வேண்டாம், மக்களுக்கு நடுவில் வளரட்டும் என்ற எண்ணம் வலுத்தது. கூடவே அங்கே குருமாணவர்களாக வருகிறவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போனது. நூறு பேருக்கான அந்த இடம் ஒருநாளும் நிரம்பவில்லை.

இதில் ஒரு சின்ன விவரம் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. முக்கியக் கட்டிடத்தின் ஓரங்களில் வளைந்த சுவர்களோடு சின்னச் சின்னப் பக்கச் சிற்றாலயங்கள் உண்டு. ஒவ்வொரு குருவும் தனித்தனியாகத் திருப்பலி நிறைவேற்ற வேண்டியிருந்த காலத்தின் தேவை அது. சங்கமோ பலரும் சேர்ந்து நிறைவேற்றும் கூட்டுத் திருப்பலியை மறுபடி கொண்டுவந்தது. அதாவது, இன்று எல்லா வீடியோக்களிலும் அழகாகத் தெரியும் அந்த வளைவுகளுக்கான தேவை, கட்டி முடிக்கும்போதே போக ஆரம்பித்திருந்தது.

எங்கள் தொழிலில் இதைப் பற்றி அலட்டிக்கொள்ள மாட்டோம். ரெக்வயர்மென்ட் மாறிடுச்சு, அவ்வளவுதான். பழைய கோடிங்கைத் தூக்கிவிட்டு வேறு எழுதுவோம். யாரும் நிறுத்தப்பட்ட சர்வரைப் போய்ப் படமெடுத்துக் கண்கலங்குவதில்லை. ஆனால் கான்கிரீட்டுக்கு அழிக்கும் பொத்தான் கிடையாது. தேவை போன பிறகும் அது அங்கேயே நிற்கும். அதனால்தான் மென்பொருளை வைத்துக் கட்டிடத்தை விளக்கும் ஆசையை நான் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன். தேவை போன பிறகு மிச்சமிருப்பதை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் தொழிலில் பதில் இல்லை. அழித்துத்தான் எங்களுக்குப் பழக்கம்.

*

இந்தக் கட்டிடத்தைப் பற்றி மர்ரே கிரிகோர் 1972-ல் 'ஸ்பேஸ் அண்ட் லைட்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். கட்டிடம் உயிரோடிருந்த காலம். பிறகு 2009-ல் அதே படத்தை, ஷாட்டுக்கு ஷாட், இடிபாட்டுக்குள் மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையிட்டார்கள். இடிபாட்டைக் காட்டும் படைப்புகளில் நான் மரியாதை வைத்திருப்பது இந்த இரட்டைப் படத்துக்குத்தான். ஏனென்றால் இது இடிபாட்டைத் தனியாகக் காட்டுவதில்லை. எது போயிற்று என்பதைப் பக்கத்திலேயே வைக்கிறது. யூடியூப் வீடியோவில் பாசி வெறும் அழகு. இங்கே பாசி ஒரு கணக்கு.

ஆனாலும் படங்களால் காட்ட முடியாத ஒன்று உண்டு. கிளாஸ்கோவில் சில மாதம் ஆன்சைட்டில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பரோ போகும் ரயிலில் ஏறி கார்ட்ராஸில் இறங்கினேன். கூட வந்தவன் சிவில் படித்துவிட்டு ஐடிக்கு வந்த நண்பன். ரோடோடென்ட்ரான் புதர்களுக்கு நடுவே நடந்து போனால் கம்பி வேலி வந்துவிட்டது. உள்ளே போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவன் பார்த்தது வேறு.

"மச்சி, அந்த ஸ்லாப் விளிம்பைப் பாரு. உள்ள கம்பி துரு பிடிச்சு உப்பியிருக்கு. உப்பின கம்பி கான்கிரீட்டைப் பேத்து எடுத்துரும். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா."

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"யாராச்சும் செலவு பண்ற வரைக்கும்."

இதை எந்தப் பியானோ இசையும் எனக்குச் சொன்னதில்லை. இடிபாடு என்பது அசையாமல் நிற்கும் பொருள் இல்லை. அது நடந்துகொண்டே இருக்கும் ஒரு வேலை. அதை நிறுத்தக் காசு வேண்டும்.

*

இன்னொரு விஷயம். இந்தக் கட்டிடத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை பலிபீடத்துக்கு மேலிருந்து இறங்கும் வெளிச்சம் பற்றியும், தாங்கு தூணே இல்லாமல் வெளியே நீளும் வகுப்பறைக் கட்டிடம் பற்றியும் மாய்ந்து மாய்ந்து எழுதுகின்றன. அந்த வளாகத்தில் ஒரு கன்னியர் மடமும் சமையல் பகுதியும் உண்டு. மாணவர்களுக்குச் சமைத்து வீட்டு வேலைகளைப் பார்த்த அருட்சகோதரிகளுக்கானது அது. அதைப் பற்றி ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. எந்த வீடியோவிலும் யாரும் அங்கே நின்று பேசி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கூடத்தின் வளைந்த கூரையைப் புகழ்கிறோம். அந்த மேஜைக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கட்டிடத்தைச் சிற்பமாகப் பார்க்க ஆரம்பித்தால் முதலில் காணாமல் போவது வேலை செய்தவர்கள்தான். இடிபாட்டு ரசனையின் பெரிய குற்றமாக நான் இதைத்தான் சொல்வேன்.

*

சரி, இனி என்ன?

1980-களில் சில காலம் இங்கே போதை மறுவாழ்வு மையம் நடந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1992-ல் ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்பான 'ஏ' பிரிவுப் பட்டியலில் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் நடுவிலிருந்த பழைய மாளிகை தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. அதைச் சுற்றிக் கட்டிய கட்டிடத்துக்கு நடுவே இன்று ஒரு வெற்றிடம். 2007-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலிருக்கும் 100 இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. குடியிருப்புத் திட்டத்தோடு வந்த ஒரு தனியார் நிறுவனம் விலகிக்கொண்டது. என்விஏ என்ற கலை அமைப்பு, பாதியைச் செப்பனிட்டு மீதியை இடிபாடாகவே நிலைப்படுத்தும் திட்டத்தோடு வந்தது. ஆபத்தான பொருட்களை அகற்றி, 2016 மார்ச்சில் 'ஹின்டர்லேண்ட்' என்று ஒளியும் ஒலியுமாக நிகழ்ச்சி நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2018-ல் அந்த அமைப்பே மூடப்பட்டது. அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் யோசனையை ஸ்காட்லாந்து அரசு ஏற்கவில்லை. 2020-ல் உயர்மறைமாவட்டம் இதை கில்மஹியூ கல்வி அறக்கட்டளை என்ற புதிய அமைப்புக்கு விலையில்லாமல் கொடுத்தது.

இந்த வரிசையைத் திரும்பப் படித்தால் ஒன்று புரியும். பட்டியலில் சேர்ப்பது சட்டம், காப்பாற்றுவது செலவு. பட்டியலில் இருப்பதால் அனுமதியின்றி இடிக்க முடியாது. காசில்லாததால் சீரமைக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் மழை மட்டும் தன் வேலையைப் பார்க்கிறது. 'எதிர்காலம் தெரியாது' என்று வீடியோவில் சொல்வது இந்த நிலையைத்தான். ஆனால் அது விதி இல்லை. ஒவ்வொரு வருடமும் எடுக்கப்படும் ஒரு முடிவு: இந்த வருடமும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற முடிவு.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. டெல்லி பிரகதி மைதானில் ராஜ் ரேவல் வடிவமைத்த 1972-ம் ஆண்டின் ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017 ஏப்ரலில் ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். அறுபது வயதாகாத கட்டிடம் பாரம்பரியப் பட்டியலில் வராது என்பது அப்போது சொல்லப்பட்ட வாதம். அகமதாபாத் ஐஐஎம்மில் லூயி கான் கட்டிய விடுதிகளில் பெரும்பாலானவற்றை இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. செங்கல் சிதைகிறது, ஒழுகுகிறது என்பது காரணம். உலகெங்குமிருந்து எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். நாம் இடித்துவிட்டு வருத்தப்படுகிறோம். அவர்கள் இடிக்காமல் வைத்துக்கொண்டு வருத்தப்படுகிறார்கள். எது மேல் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் கொஞ்சம்தான் மேல்.

என்னுடைய முடிவைச் சொல்லாமல் போனால் நானும் அந்த வீடியோக்காரர்களைப் போலத்தான். இந்தக் குருமடத்தை முழுதாகப் பழையபடி ஆக்குவது வேண்டாம். அது யாருக்காக? குருமாணவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஹோட்டலாக்கினால் அது பொய். இடிப்பதும் வேண்டாம். எலும்புக்கூட்டைப் பத்திரப்படுத்தி, உடையும் விளிம்புகளைக் கட்டி, மக்கள் பயமில்லாமல் நடக்கும்படி செய்தால் போதும். சிவில் மாணவர்கள் துருப்பிடித்த கம்பியைத் தொட்டுப் பார்க்கட்டும். சுற்றிக் காட்டுபவர் பலிபீடத்தில் தொடங்கி சமையலறையில் முடிக்கட்டும். என்விஏ போக நினைத்த வழி ஏறக்குறைய இதுதான். அந்த யோசனையில் பிழை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைச் சுமக்க ஒரு சிறு கலை அமைப்பால் முடியாது; பொதுப்பணம் வேண்டும் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அடுத்த முறை ட்ரோன் மேலே எழும்பி அந்தக் குரல் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, கீழே கமெண்ட்டில் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இது இப்போது யார் பெயரில் இருக்கிறது? வீடியோ எடுத்தவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால், அவர் அந்தக் கட்டிடத்துக்குள் இன்னும் நுழையவே இல்லை என்று அர்த்தம்.