தோடம்பழ நிற வயர்

மெக்கானிக் முதலில் செய்தது கையுறைக்குள் காற்றை அடைத்ததுதான். வாயை இறுக்கிச் சுருட்டி, பருத்த ரப்பர் விரல்களைக் காதோரம் பிடித்துக் கேட்டார். ஊசித் துளையளவு ஓட்டை இருந்தாலும் சீறும். சீறவில்லை. பிறகுதான் பாசிக்குடா ஹோட்டல்களுக்கு ஆள் ஏற்றும் அந்த டொயோட்டா அக்வாவின் பக்கம் திரும்பினார்.

ஹைபிரிட் காரின் வயரிங் கோளாறைத் தேடிப் பிடிப்பது கலைதான் என்று எனக்குப் பட்டது அந்த இடத்தில். 12 வோல்ட் பற்றரியின் தொடுப்பைக் கழற்றினார். பின் ஆசனத்தடியில் இருக்கும் பெரிய பற்றரியின் சேர்விஸ் பிளக்கை இழுத்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்; யாரும் தெரியாத்தனமாகத் திரும்பச் சொருகிவிடக் கூடாதே. பிறகு 10 நிமிடம் சும்மா இருந்தார். அந்தப் பற்றரி 144 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 520 வரை ஏற்றும். அதற்குள் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். பிளேன்ரீ வந்தது, குடித்தார். கைவேலையின் அழகு வேகத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். மீற்றர் சைபர் காட்டிய பிறகே தொட்டார்.

ஸ்கேனர் காட்டியது பி0ஏஏ6: உயர் அழுத்த மின்சாரம் காரின் உடலுக்குக் கசிகிறது. 12 வோல்ட் பற்றரியின் ஒரு முனை உடலோடுதான் கட்டியிருக்கும். தோடம்பழ நிற வயர்களில் ஓடுவதோ தோணி மாதிரி எங்கும் முட்டாமல் மிதக்க வேண்டும். எங்காவது தரை தட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். எந்த இடத்தில் என்று கார் சில வேளை சொல்லாது.

பற்றரியை மாற்று, இன்வேர்ட்டரை மாற்று என்பது சுலபம். ஆனால் 2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இருக்கிற காரையே வாழவைத்த அந்த வருடங்கள் இந்தக் கையைப் பழுக்க வைத்திருக்கும். அவர் பிரித்துக்கொண்டே போனார். கியர்ப்பெட்டி மோட்டர்களைத் தனியாக்கினார், இன்வேர்ட்டருக்குப் போகும் நீள வயரைத் தனியாக்கினார். ஒவ்வொன்றுக்கும் உடலுக்கும் நடுவே காப்பை அளக்கும் மெகரால் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். எண் உயரத்திலேயே நின்றது. ஏசி கொம்பிரசரில் விழுந்தது.

நான் உப்புக் காற்றைத்தான் சந்தேகித்திருந்தேன். இந்தக் கரையில் செம்பு களிம்பேறாமல் தப்புவது அரிது.

"ஏசிக்கு எப்ப மனே காஸ் அடிச்ச?" என்று சாரதியைக் கேட்டார்.

"போன மாசந்தான்."

அவர் தலையாட்டினார். ஹைபிரிட்டின் கொம்பிரசருக்குள்ளேயே ஒரு மின்மோட்டர் சுழல்கிறது. அதன் சுருள்கள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும். அதற்கென மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் எண்ணெய் உண்டு. பெல்ட்டில் சுழலும் சாதாரண ஏசிக்கான பிஏஜி எண்ணெய், காஸ் அடிக்கையில் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெட்டுவிடும். வயரைத் தடவிக்கொண்டே போய் எண்ணெயில் வந்து நின்ற அந்தக் கேள்வியைத்தான் நான் இன்னமும் வியந்துகொண்டிருக்கிறேன்.

வேறு கொம்பிரசர் வரும்வரை கார் கராஜில் நிற்கும். அவர் கைகழுவி, சைக்கிளை எடுத்தார். சேர்விஸ் பிளக் சட்டைப் பையிலேயே இருந்தது.